கருத்தரங்கில் பேசுவதற்கு முன் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டுமா? ஆய்வு மாணவரின் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: தகடூர் ஆய்வாளர்

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவி. தருமபுரி மாவட்டத்தில் பிறந்தவள். எங்கள் பகுதியின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பதை இங்குள்ள பலரும் அறிந்திருப்பீர்கள். குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்திருக்கிறது. என் சிறுவயதுத் தோழிகளில் பலருக்கும் பல்லில் பழுப்புக் கறை உண்டு. அதைப் பார்த்து வளர்ந்ததால்தான் இந்த ஆய்வுக்கு வந்தேன்.

புளியங்கொட்டையிலிருந்து கரி தயாரித்து, அதன் மேல் ஓர் உலோகச் சேர்மத்தைப் படியச் செய்து, நீரில் கரைந்து உதிராத குருணைகளாக ஆக்கும் முறை ஒன்றை இரண்டாண்டு உழைப்பில் கண்டடைந்திருக்கிறேன். பயன்படுத்திய குருணைகளைக் கழுவி மீண்டும் பல முறை பயன்படுத்த முடிகிறது. செய்முறையை இதற்கு மேல் இங்கே விரிக்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் 24 நாளில் ஒரு தேசியக் கருத்தரங்கில் இதைப் பற்றிப் போஸ்டர் வைக்க இருக்கிறேன். ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்பட்டுவிட்டது; அடுத்த வாரம் இணையத்தில் வெளியாகும். இதற்கிடையில் பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. நான் இதுவரை கண்டுபிடித்ததையும் இனிமேல் கண்டுபிடிக்கப்போவதையும் பல்கலைக்கழகத்திற்கு ஒப்படைப்பதாக அதில் கையொப்பம் இட வேண்டுமாம். கண்டுபிடிப்பாளர் பட்டியலில் துறைத்தலைவரின் பெயரையும் சேர்க்குமாறு வாய்மொழியாகச் சொல்கிறார்கள். அவர் இந்த வேலையில் ஈடுபட்டதில்லை. ஆய்வகத்தைப் பயன்படுத்த அனுமதித்தார், அவ்வளவே. என் நெறியாளர் நல்லவர்; ஆனால் இவ்விஷயத்தில் அவருக்கும் முன்னனுபவம் இல்லை.

கருத்தரங்கில் பேசிவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கலாமா? இந்தப் படிவத்தில் கையொப்பம் இட நான் கட்டுப்பட்டவளா? துறைத்தலைவரின் பெயரை மறுக்க எனக்கு உரிமை உண்டா? அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: காப்புரிமை முகவர், சென்னை

வணக்கம். செய்முறையை இங்கே எழுதாமல் விட்டது மிகச் சரியான முடிவு. யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய ஒரு மன்றத்தில் எழுதுவதும் சட்டத்தின் பார்வையில் வெளியீடுதான். காலக்கெடு நெருக்கமாக இருப்பதால் அதைப் பற்றிய கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன்.

பேசிவிட்டு விண்ணப்பிக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். விண்ணப்பிக்கும் முன் வெளியாகிவிட்ட கண்டுபிடிப்பு பொதுவாகப் புதியதாகக் கொள்ளப்படாது; புதுமை இல்லாததற்குக் காப்புரிமை இல்லை. நம் காப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு 12 மாதச் சலுகை ஒன்றைத் தருவது உண்மை. ஆனால் கற்றறிந்தோர் கழகம் ஒன்றின் முன் கண்டுபிடிப்பாளரே படித்த கட்டுரை, அக்கழகத்தின் நடவடிக்கை ஏட்டில் அவர் இசைவுடன் வெளிவந்த கட்டுரை, அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி போன்ற சில நிலைகளுக்கு மட்டுமே அது பொருந்தும். ஒரு கல்லூரி நடத்தும் கருத்தரங்கு கற்றறிந்தோர் கழகம் ஆகுமா, சுவரில் ஒட்டிய போஸ்டர் படித்த கட்டுரை ஆகுமா என்பதையெல்லாம் நாளை ஓர் எதிர்ப்பாளர் கேட்பார். அந்த வாதத்தில் வெல்ல முடியுமா என்பதை உங்கள் இரண்டாண்டு உழைப்பை வைத்துச் சோதிக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவிலோ நீங்களே வெளியிட்டிருந்தாலும், ஏறத்தாழ எல்லா நிலைகளிலும், புதுமை போய்விடும். அமெரிக்கா ஓராண்டு அவகாசம் தருகிறது என்று யாராவது சொன்னால், அது அந்த நாட்டுக்கு மட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

இதற்கான வழி எளியது. தற்காலிக விவரக்குறிப்புடன், அதாவது கண்டுபிடிப்பை விவரிக்கும் முதற்கட்ட ஆவணத்துடன், ஒரு விண்ணப்பத்தைக் கருத்தரங்கிற்கு முன் தாக்கல் செய்யுங்கள். அந்த நாளே உங்கள் முன்னுரிமை நாள் ஆகிவிடும்; கண்டுபிடிப்பு புதியதா என்பதை அந்த நாளை வைத்தே பார்ப்பார்கள். அன்றிலிருந்து 12 மாதத்திற்குள் முழு விவரக்குறிப்பைத் தர வேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். மின்வழித் தாக்கலுக்குத் தனிநபருக்கும் கல்வி நிறுவனத்திற்கும் அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். பெரிய நிறுவனங்கள் 8,000 ரூபாய் செலுத்துகின்றன. கல்வி நிறுவனங்களுக்கு இந்தச் சலுகை 2021 செப்டம்பரில் வந்த விதித் திருத்தத்தால் கிடைத்தது. விண்ணப்பத்தைக் காப்புரிமை அலுவலகம் ஆராயக் கேட்கும் தேர்வாய்வு வேண்டுகோளுக்கு 4,000 ரூபாய். 2024 மார்ச் திருத்தத்திற்குப் பின், அந்த வேண்டுகோளை முன்னுரிமை நாளிலிருந்து 31 மாதத்திற்குள் தந்தாக வேண்டும். முன்பு இருந்த 48 மாத அவகாசம் இப்போது இல்லை. பழைய வழிகாட்டிக் குறிப்புகளைப் படித்து ஏமாந்துவிடாதீர்கள்.

தற்காலிகம் என்ற பெயரைப் பார்த்து அரைப்பக்கம் எழுதி அனுப்புவோர் உண்டு. அது பெருந்தவறு. அந்த ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் முன்னுரிமை நாள் கிடைக்கும். கரியாக்கும் வெப்பநிலை, படியச்செய்யும் கரைசலின் செறிவு, குருணையின் அளவு ஆகியவற்றை உங்களுக்குச் சிறப்பாக வந்த ஒற்றை மதிப்பாகத் தராமல், எந்த எல்லை முதல் எந்த எல்லை வரை முறை வேலை செய்கிறது என்று தாருங்கள். தோல்வியுற்ற சோதனைகளையும் உங்கள் முகவரிடம் காட்டுங்கள். எல்லைகளை வரைய அவையே உதவும். புளியங்கொட்டையைக் கொண்டு ஃபுளூரைடை நீக்குவது பற்றிப் பல ஆய்வுக் கட்டுரைகள் ஏற்கெனவே வெளிவந்திருக்கின்றன. ஆகவே அந்தப் பரந்த கருத்தை உங்களுடையதாகக் கோர முடியாது. உதிராமல் நிற்பதும் மீண்டும் பயன்படுவதும் எந்தச் செய்முறை மாற்றத்தால் வந்தன என்பதில்தான் உங்கள் புதுமை இருக்கிறது. இரண்டு தெரிந்த பொருள்களின் வெறும் கலவைக்குக் காப்புரிமை இல்லை என்று 3(e) பிரிவு சொல்வதால், கரி தனியாகவும் சேர்மம் தனியாகவும் நீக்கிய அளவையும் இரண்டும் சேர்ந்து நீக்கிய அளவையும் ஒப்பிட்ட தரவை இப்போதே எடுத்து வையுங்கள்.

வெளியாகவிருக்கும் ஆய்வுச் சுருக்கத்தில் எவ்வளவு ஃபுளூரைடு நீங்கியது என்ற முடிவு மட்டும் இருந்தால் பெரிய ஆபத்து இல்லை. செய்முறையைப் பிறர் பின்பற்றும் அளவுக்குச் சொல்லியிருந்தால் அது வெளியாகும் நாளுக்கு முன்பே தாக்கல் செய்துவிடுங்கள். முகவரிடம் நீங்கள் முதலில் காட்ட வேண்டியது அந்தச் சுருக்கத்தைத்தான்.

இன்னும் இரண்டு. உங்கள் ஆய்வேடும் வெளியீடுதான். பொது வாய்மொழித் தேர்வு நடந்து, ஆய்வேடு சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஏறிவிட்டால் உலகமே படிக்கலாம். இணையத்திற்கு முந்தைய நாளிலேயே, ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக நூலகத்தில் பட்டியலிடப்பட்டு இருந்த ஒரே ஓர் ஆய்வேட்டைக் காரணம் காட்டி ஒரு காப்புரிமை விண்ணப்பம் மறுக்கப்பட்டதை 1986இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சரியென்று ஏற்றது. அடுத்து, புளியங்கொட்டை ஓர் உயிரியல் வளம். அது எங்கிருந்து பெறப்பட்டது என்பதை விவரக்குறிப்பில் சொல்ல வேண்டும். உயிரியல் பன்மைச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தப்படி, இந்திய விண்ணப்பதாரர்கள் காப்புரிமை வழங்கப்படும் முன் தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வணிகமாக்கும்போது ஒப்புதலும் பெற வேண்டும். ஆணையத்தின் அலுவலகம் தரமணியிலேயே இருக்கிறது. இதைக் கவனிக்காமல் விட்டுக் கடைசிக் கட்டத்தில் தடுமாறிய விண்ணப்பதாரர்கள் சிலருக்காக நான் அலைந்திருக்கிறேன்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்

அம்மா, முகவர் சொன்ன காலவரிசைக்கு நான் கூட்ட எதுவுமில்லை. ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் மரபணுவைத் துண்டித்து ஒட்டும் முறையை 1973 நவம்பரில் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் விழித்துக்கொண்டு விண்ணப்பித்தது 1974 நவம்பரில், ஓராண்டு அவகாசம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது. அமெரிக்காவில் தப்பித்தார்கள்; பிற நாடுகளில் உரிமை முற்றிலும் போயிற்று. அமெரிக்காவில் கிடைத்த காப்புரிமைகள் மட்டுமே காலாவதியாகும் வரை ஏறத்தாழ 25 கோடி டாலர் உரிமத்தொகை ஈட்டின என்றால், இழந்தது எவ்வளவு என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் நம் நாட்டில் பெருங்குழப்பம் நிலவுகிறது, பேராசிரியர்களுக்கே தெளிவில்லை. பதிப்புரிமைச் சட்டம், பணி ஒப்பந்தத்தின் கீழ் ஒருவர் பணியின் பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் பணியமர்த்தியவர் என்று 17ஆம் பிரிவில் வெளிப்படையாகச் சொல்கிறது. காப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. உண்மையான முதல் கண்டுபிடிப்பாளரோ, அவரிடமிருந்து உரிமை ஒப்படைக்கப் பெற்றவரோதான் விண்ணப்பிக்கலாம் என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது, கண்டுபிடிப்பு முதலில் கண்டுபிடித்தவரிடம் பிறக்கிறது. பல்கலைக்கழகத்திற்கு அது ஒரு கையொப்பத்தின் வழியாகத்தான் போகிறது. பொதுநிதியில் நடந்த ஆய்வின் உரிமை நிறுவனத்திற்கே என்று வகுக்க 2008இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா நிறைவேறவில்லை. 2014இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் கொள்கையும், நீங்கள் கையொப்பமிட்ட தாள்களும், நிதி தந்த அமைப்பின் நிபந்தனைகளும்தான் உங்களைக் கட்டுப்படுத்தும்.

நீங்கள் உதவித்தொகை பெறும் மாணவி, பணியாளர் அல்லர். ஆனால் பதிவுசெய்த நாளில், பல்கலைக்கழக விதிகள் அனைத்துக்கும் கட்டுப்படுவேன் என்று ஓர் உறுதிமொழியில் கையொப்பமிட்டிருப்பீர்கள். அதைத் தேடி எடுத்து, அறிவுசார் சொத்துரிமைக் கொள்கை அந்த விதிகளில் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினால் ஒப்படைக்க மறுப்பது கடினம்; மறுக்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் இராது. நீங்கள் கேட்டு மாற்ற வேண்டியது, "இனிமேல் கண்டுபிடிக்கப்போவது" என்ற எல்லையற்ற சொற்றொடரை. இந்த ஒரு கண்டுபிடிப்பை மட்டும், தலைப்புடனும் தேதியுடனும் ஒப்படைக்கும் தனி ஆவணமாக மாற்றித் தரச் சொல்லுங்கள். உரிமத்தொகையில் கண்டுபிடிப்பாளர் பங்கு எவ்வளவு, பல்கலைக்கழகம் குறிப்பிட்ட காலத்திற்குள் விண்ணப்பிக்கவோ ஆண்டுக் கட்டணம் செலுத்தவோ தவறினால் உரிமை உங்களிடம் திரும்புமா என்ற இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒரு சொல்லின் எடை எவ்வளவு என்பதற்கு 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஸ்டான்ஃபோர்டு எதிர் ரோஷ் வழக்கைச் சொல்வேன். எச்.ஐ.வி. அளவிடும் முறையில் பணியாற்றிய ஆய்வாளர் மார்க் ஹொலட்னி, ஸ்டான்ஃபோர்டிடம் "ஒப்படைக்க இசைகிறேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். பிறகு மரபணுத் துணுக்கைப் பெருக்கும் பி.சி.ஆர். முறையைக் கற்க செட்டஸ் நிறுவனத்திற்குச் சென்றபோது, "இதன் மூலம் ஒப்படைக்கிறேன்" என்ற தாளில் கையொப்பமிட்டார். செட்டஸின் பி.சி.ஆர். தொழிலைப் பின்னர் ரோஷ் நிறுவனம் வாங்கியது. முன்னது வாக்குறுதி, பின்னது கைமாற்றம் என்று கீழ் நீதிமன்றம் கொண்டது. கூட்டாட்சி நிதியில் ஆய்வு நடந்தது என்பதால் மட்டும் உரிமை தானாகப் பல்கலைக்கழகத்திற்குப் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்கள் வேறோர் ஆய்வகத்திற்கோ நிறுவனத்திற்கோ சில வாரம் செல்லும்போது வாயிற்காவலரிடம் கையொப்பமிடும் தாளையும் படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை இவ்வளவு விரித்தேன்.

துறைத்தலைவரைப் பற்றி. ஆய்வுக் கட்டுரையில் பெயர் சேர்ப்பதில் நம் துறைகளில் இருக்கும் தாராளம் இங்கே செல்லாது. கண்டுபிடிப்பாளர் யார் என்பது மரியாதை சார்ந்த விஷயம் அல்ல. அது ஓர் உண்மை. பணம் போட்ட பங்காளி அதனால் மட்டும் கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டார் என்று மைசூர் உயர் நீதிமன்றம் 1960இலேயே சொல்லிவிட்டது. ஆய்வகத்தைத் திறந்துவிட்டதற்கும் அதே விடைதான். கோஹன், பாயரின் கட்டுரையில் இணை ஆசிரியர்களாக இருந்தவர்கள்கூடக் காப்புரிமையில் கண்டுபிடிப்பாளர்களாக இல்லை. மறுப்பதை நேருக்கு நேர் மோதலாக்காமல், "படிவத்தில் கண்டுபிடிப்பாளர் பற்றிய உறுதியுரை இருக்கிறது ஐயா, தவறாகத் தந்தால் பிறகு காப்புரிமையையே எதிர்ப்பதற்கு இடமாகிவிடும் என்று முகவர் சொல்கிறார்" என்று நெறியாளர் மூலம் சொல்ல வையுங்கள். என் பணிக்காலத்தில் இப்படிச் சொன்ன பிறகு தம் பெயரை விலக்கிக்கொண்டவர்களைக் கண்டிருக்கிறேன். எதிர்நிலை வந்து உங்கள் பெயரே விடுபட்டால், கண்டுபிடிப்பாளராகக் குறிப்பிடக் கோரும் 28ஆம் பிரிவும் 8ஆம் படிவமும் இருக்கின்றன.

மறுமொழி 3: ஊருணி

மேலே எழுதிய இருவரின் அறிவையும் மதிக்கிறேன். எனினும், காப்புரிமை தேவைதானா என்ற கேள்வியை இந்த இழையில் யாரும் எழுப்பவில்லையே என்று வருந்துகிறேன். பொதுமக்கள் வரிப்பணத்தில் படித்து, பொதுமக்கள் வரிப்பணத்தில் ஆய்வு செய்து, நஞ்சேறிய நீரைக் குடிக்கும் மக்களுக்கான வழியைக் கண்டுபிடித்துவிட்டு, அதை 20 ஆண்டு வேலியிட்டு வைப்பது எப்படி நியாயமாகும்? கோலர், மில்ஸ்டைன் என்ற அறிவியலாளர்கள் 1975இல் வெளியிட்ட, ஒரே வகை எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் உண்டாக்கும் ஒற்றைமூல எதிர்ப்பொருள் முறைக்குப் பிரிட்டனில் காப்புரிமை எடுக்கப்படவில்லை. உலகம் முழுவதும் ஆய்வகங்கள் அதைத் தடையின்றிப் பயன்படுத்தின. படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு ஃபுளூரைடை இறக்கும் நல்கொண்டா முறையைக் கிராமங்கள் கையாள முடிந்ததும் அதன் எளிமையால்தான். நீங்கள் செய்முறை முழுவதையும் ஒரு திறந்த இதழில் வெளியிட்டுவிட்டால், அதன் பிறகு வேறு எவரும் அதே முறைக்குக் காப்புரிமை கோர முடியாது. அதுவும் ஒரு பாதுகாப்புதான். பெரிய செலவும் இல்லை.

தகடூர் ஆய்வாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஊருணி அவர்களின் கேள்வி என்னை ஓர் இரவு முழுவதும் தூங்கவிடவில்லை. எங்கள் ஊருக்கு இது காசில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்பதே என் விருப்பமும். ஆனால் குருணைகளை வீட்டில் செய்ய இயலாது. உலையும் அழுத்தும் பொறியும் வேண்டும். யாராவது முதலீடு செய்து தயாரித்தால்தான் அது ஒரு குடத்தை எட்டும். இன்னொரு செய்தியையும் முதல் பதிவில் சொல்லாமல் விட்டுவிட்டேன்: ஒரு நீர்வடிகட்டி நிறுவனம் எங்களுக்கு அழுத்துபொறியை இரவல் தந்தது. காப்புரிமையில் தமக்குச் சரிபாதி கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் "பாதிதானே, மீதிப் பாதி நமக்கு" என்கிறார்கள். இது நியாயமான ஏற்பாடா?

காப்புரிமை முகவர், சென்னை

நல்லவேளை, கையொப்பத்திற்கு முன் கேட்டீர்கள். சரிபாதி என்பது காதுக்கு நியாயமாக ஒலிக்கும். 50ஆம் பிரிவைப் படித்தால் அப்படித் தோன்றாது. வேறு உடன்பாடு இல்லாதபோது, கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குக் காட்டாமல் தம் நலனுக்காகக் கண்டுபிடிப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் மற்றவரின் இசைவு இல்லாமல் வேறொருவருக்கு உரிமம் தரவோ தம் பங்கைக் கைமாற்றவோ முடியாது. இதை உங்கள் நிலைக்குப் பொருத்திப் பாருங்கள். நிறுவனத்திடம் தொழிற்சாலை இருக்கிறது. அது நாளையே தயாரித்து விற்கும், பல்கலைக்கழகத்திற்கு ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்திடம் தொழிற்சாலை இல்லை. அது வேறொருவருக்கு உரிமம் கொடுத்துத்தான் பயன் பெற முடியும், அதற்கோ நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். தாளில் பாதி, நடைமுறையில் முழுவதும் அவர்களுடையது. உங்கள் ஊரின் மகளிர் குழுவோ ஊராட்சியோ இதைத் தயாரிக்க விரும்பினாலும் அந்த நிறுவனம் தடுக்கலாம்.

பொறியை இரவல் தந்தவர் கண்டுபிடிப்பாளர் அல்லர். எனவே அவர்களுக்கு உரிமையில் பங்கு தர வேண்டிய சட்டக் கட்டாயம் எதுவுமில்லை, அவர்களோடு முன்பே வேறு ஒப்பந்தம் செய்திராத வரை. அவர்களுக்குத் தேவையானது தயாரிக்கும் அனுமதி. அதை உரிமமாகக் கொடுங்கள். தமக்கு மட்டுமே உரிமம் வேண்டும் என்று தனியுரிமம் கேட்டால், இத்தனை ஆண்டுக்குள் சந்தைக்குக் கொண்டுவராவிட்டால் தனியுரிமம் ரத்தாகும் என்றும், ஊராட்சிகளும் தொண்டு அமைப்புகளும் குடிநீருக்காகத் தயாரித்துக்கொள்ளும் உரிமையைப் பல்கலைக்கழகம் கட்டணமின்றி வழங்கலாம் என்றும் ஒரு கூறு சேருங்கள். ஊருணி நண்பரின் கவலைக்கும் இதுவே என் விடை. வெளியிட்டுவிட்டால் பிறர் அதே முறைக்குக் காப்புரிமை பெற முடியாது என்பது சரிதான். ஆனால் அதை மேம்படுத்தித் தம் பெயரில் எடுப்பதையும், விலை நிர்ணயிப்பதையும் உங்களால் தடுக்க முடியாது. யாருக்கு எந்த விலையில் என்று நிபந்தனை போடும் இடத்தில் உரிமையாளர்தான் இருக்கிறார். காப்புரிமை இருந்தாலும் பிற ஆய்வாளர்கள் சோதனைக்கும் மாணவருக்குக் கற்பிப்பதற்கும் அதைப் பயன்படுத்த 47ஆம் பிரிவு இடமளிக்கிறது என்பதையும் நினைவூட்டுகிறேன்.

தகடூர் ஆய்வாளர்

பதிவுசெய்தபோது தந்த உறுதிமொழியைத் தேடி எடுத்துவிட்டேன். அதில் பல்கலைக்கழக விதிகள் என்று மட்டுமே இருக்கிறது. சொத்துரிமைக் கொள்கை அதற்குப் பின்னர் வந்தது. நெறியாளரும் நானும் இந்தக் கண்டுபிடிப்புக்கு மட்டுமான ஒப்படைப்பு ஆவணம் ஒன்றைக் கேட்டிருக்கிறோம். கண்டுபிடிப்பாளர்களாக எங்கள் இருவர் பெயர்கள் மட்டுமே இருக்கும். ஆய்வுச் சுருக்கத்தில் படியச்செய்யும் சேர்மத்தின் பெயர் இருப்பதை நேற்றுத்தான் கவனித்தேன். ஆகவே அது இணையத்தில் ஏறும் திங்கட்கிழமைக்கு முன், வெள்ளியன்றே தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய முகவர் ஒருவரைப் பார்த்துவிட்டேன். தோல்வியுற்ற சோதனைகளின் குறிப்பேடுகளையும் எடுத்துச் செல்கிறேன்.